விலை குறையும், செலவு குறையாது: சொகுசு நான்கு சக்கர இயக்க வாகனத்தின் மறுபக்கம்

பினாங்கில் ரேஞ்ச் ரோவர் வாகனத்தைப் பார்க்க வேண்டுமானால் கர்னி டிரைவ் பக்கமோ தஞ்சோங் தொக்கோங் பக்கமோ போனால் போதும். பேரங்காடி வாசலிலும் ஆடம்பர அடுக்குமாடி வீடுகளின் வளாகத்திலும் பளபளவென்று நிற்கும். ஆற்றைக் கடக்கவும் சேற்றில் ஏறவும் பாறைகளில் இறங்கவும் வடிவமைக்கப்பட்ட வாகனம் அது. ஆனால், இங்கே அது பெரும்பாலும் ஏறுவது கார் நிறுத்துமிடத்தின் சாய்தளத்தில்தான். பாலேக் பூலாவ் டுரியான் தோட்டங்களின் செங்குத்தான மண் பாதைகளில் உண்மையான மலை வேலையைச் செய்வது பழைய பிக்-அப் வண்டிகள்.

பல்கலைக்கழக மாணவிக்கும் ரேஞ்ச் ரோவருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். புதிதாக வாங்கும்போது பல லட்சம் ரிங்கிட் விலையுள்ள இந்த வாகனங்களில் சில, பத்து பதினைந்து ஆண்டுகள் ஓடியபின், புதிய உள்நாட்டு எஸ்.யூ.வி. விலைக்கே விளம்பரத்தில் வருகின்றன. அப்படி ஒரு விளம்பரம் என் மாமாவின் கைப்பேசிக்கும் வந்தது. மாமா மின்கம்பி பொருத்தும் சிறு குத்தகைத் தொழில் செய்பவர். "நீதான் இயந்திரப் பொறியியல் படிக்கிறியேம்மா, இது கட்டுப்படியாகுமான்னு ஒரு கணக்குப் போட்டுக் கொடு" என்றார். கைச்சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு மீதியை வாடகைக் கொள்முதல் கடனில் போடுவது அவர் திட்டம். மாமாவின் மகள் அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். ஆகவே, இது வெறும் கார் கணக்கு இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

சில வாரங்கள் இதைப் பற்றிப் படித்தேன். ஜெலுத்தோங்கில் ஐரோப்பிய வாகனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அண்ணன் ஒருவரிடமும் பல முறை பேசினேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். நாளை வேலைக்குப் போய் முதல் கார் வாங்கப்போகும் எல்லாருக்கும் இதில் ஏதாவது பயன்படும்.

விவசாயியின் வண்டி சொகுசு வண்டியான கதை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டனின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ். தம் பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, விவசாயிகளுக்கென்றே ஒரு வாகனம் செய்தால் என்ன என்று தோன்றியது. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அப்போது எஃகு தட்டுப்பாடு என்பதால் உடற்பகுதி அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. அதே 1948-இல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. பிரிட்டிஷ் படைகளோடு லேண்ட் ரோவர்கள் நம் தோட்டப்புறங்களுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் வந்து சேர்ந்தன. கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் பார்க்கலாம்.

1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. 3.5 லிட்டர் வி8 இயந்திரம், சுருள்வில்கள், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் தரும் அமைப்பு ஆகியவை அதில் இருந்தன. அந்த முதல் வண்டியின் உட்புறத்தைத் தண்ணீர்க்குழாய் பிடித்துக் கழுவலாம், அவ்வளவு எளிமை. பிறகு தோலிருக்கை, காற்றுத் தொங்கல் அமைப்பு, டஜன் கணக்கான கணினிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2012-இல் வந்த தலைமுறைக்கு உடற்கூடு முழுவதும் அலுமினியம்.

நிறுவனமும் பல கைகள் மாறியது. 2008-இல் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ், ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. டாடா குழுமத்தின் தலைவராக 2017 முதல் இருக்கும் சந்திரசேகரன், நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து அரசுத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிரிட்டிஷ் அடையாளமாகக் கருதப்படும் வாகனத்தின் கதையில் தமிழர் பெயரும் தமிழ் மண்ணும் இப்படி இடம்பெற்றுவிட்டன.

புகழ் ஒருபக்கம் இருக்க, வாகன உரிமையாளர்களிடம் நடத்தப்படும் நம்பகத்தன்மைக் கணக்கெடுப்புகளில் லேண்ட் ரோவர் பல ஆண்டுகளாகக் கடைசி வரிசைகளில் இடம்பெற்று வந்திருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

காற்றின்மேல் நிற்கும் வாகனம்

சாதாரணக் காரின் எடையை எஃகுச் சுருள்வில் தாங்குகிறது. ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி போன்றவற்றில் அந்த வேலையைக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் செய்கின்றன. ஓர் அமுக்கி காற்றை அழுத்தித் தொட்டியில் சேமிக்கும். வால்வுகள் அதை நான்கு மூலைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள உணரி உயரத்தை அளந்து கணினிக்குச் சொல்லும். பொத்தானை அழுத்தினால் வாகனம் உயரும், தாழும். நான்காம் படிவ இயற்பியலில் வரும் வாயு விதிகள் இங்கே நான்கு சக்கரங்களின்மேல் வேலை செய்கின்றன.

பிரச்சினை ரப்பரில் தொடங்குகிறது. வெப்பத்திலும் ஓயாத மடிப்பிலும் ரப்பர் நாளடைவில் வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியாகக் காற்று மெல்லக் கசியும். இரவில் நேராக நிறுத்திய வாகனம் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் முதல் அறிகுறி. அதைக் கவனிக்காமல் ஓட்டினால், இழந்த காற்றை ஈடுசெய்ய அமுக்கி ஓயாமல் ஓடும். விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அமுக்கி சூடேறி எரிந்துபோகும். ஒரு ரப்பர் பையை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, அமுக்கியையும் சேர்த்து மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் இன்னொரு சிக்கல். அமுக்கிக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்ட உலர்த்தி உண்டு. அது நிறைவுற்றுவிட்டால் ஈரம் வால்வுகளுக்குள் புகுந்து அரிப்பை உண்டாக்கும். அமுக்கியை மாற்றுபவர்கள் உலர்த்தியை மறந்தால், புதிய அமுக்கிக்கும் அதே கதிதான்.

சிலர் காற்றுப் பைகளைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் பொருத்திவிடுகிறார்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால், கரடுமுரடான பாதையில் உயரத்தைக் கூட்டும் வசதி போய்விடும். எதற்காக அந்த வாகனத்தை வாங்கினோமோ அதுவே போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்?

சூடும் பிளாஸ்டிக்கும்

5.0 லிட்டர் வி8, 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் இயந்திரங்களில் பட்டறைக்காரர்கள் முதலில் பார்ப்பது குளிர்நீர்க் குழாய்களைத்தான். இவற்றில் சில பிளாஸ்டிக்கால் ஆனவை. இயந்திரத்தின் நடுவே, வெப்பம் தேங்கும் இடத்தில் செல்பவை. சூடாகிக் குளிர்ந்து, மீண்டும் சூடாகிப் பல ஆண்டுகள் கழிந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைகிறது. ஒருநாள் இணைப்பில் பிளவு விழுந்து குளிர்நீர் வெளியேறும். இயந்திரமும் அலுமினியம் என்பதால் அதிக வெப்பம் தாங்காமல் தலைப்பகுதி வளைந்துவிடக்கூடும். பல நவீன கார்களில் வெப்பமானி முள் நெடுநேரம் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முள் மேலே போவதை நாம் பார்க்கும்போது காலம் கடந்திருக்கலாம்.

குளிர்நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவசரத்துக்கு அது சரி. வழக்கமாகச் செய்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்து நீர்த்துப்போகும். அடைத்து வைத்த அமைப்பில் குளிர்நீர் தானாகக் குறையாது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

தொடக்க ஆண்டுகளில் வந்த 5.0 லிட்டர் இயந்திரங்களில் டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகங்கள் தேய்வது இன்னொரு பெயர்போன கோளாறு. காலையில் முடுக்கியதும் சில வினாடி 'கடகட' ஒலி கேட்டால் அதுவாக இருக்கலாம். 3.0 லிட்டர் டீசல் வி6 இயந்திரத்தில் கிராங்க் தண்டின் பேரிங் பழுதாகித் தண்டே முறிந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பேசப்பட்டவை. அப்படி ஆனால் இயந்திரத்தையே மாற்ற வேண்டியதுதான்.

உதிரிப்பாகத்தின் விலை மட்டும் பிரச்சினையன்று. டிஸ்கவரி 3, 4 போன்றவற்றில் சில வேலைகளுக்கு இடமே போதாது. உடற்கூட்டை அடிச்சட்டத்திலிருந்து தூக்கி வைத்துவிட்டுத்தான் பலர் டர்போ வேலையே பார்க்கிறார்கள். சிறிய பாகத்தை மாற்றவும் நாள்கணக்கில் கூலி கொடுக்க வேண்டி வருவது இதனால்தான்.

நான்கு கிலோமீட்டர் பயணத்தின் விலை

டீசல் வாகனங்களில் கரித்துகளைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், புகைக்குழாயின் வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸுக்கு உயர்த்தி, துகள்களை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். இதற்குக் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படும். வாகனமும் சில நிமிடங்கள் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

ஜார்ஜ்டவுன் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஜாலான் பர்மா நெரிசலில் நின்று, லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கி வீடு திரும்பினால் அந்தச் சுத்திகரிப்பு ஒருபோதும் முழுமையாக முடியாது. கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இயந்திர எண்ணெயில் கலக்கும். நீர்த்த எண்ணெய் பேரிங்குகளையும் சங்கிலியையும் சரியாகக் காக்காது. அளவுகோலில் எண்ணெய் மட்டம் ஏறியிருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அது டீசல் கலந்ததன் அடையாளம்.

வடிகட்டிக்குக் கந்தகம் குறைந்த எரிபொருள் தேவை. நம் நாட்டில் யூரோ 5 டீசல் கட்டாயமானது 2021 ஏப்ரலில்தான். அதற்கு முன்னர் ஓடிய வாகனம் என்றால் அதன் வடிகட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று சோதிப்பது நல்லது. வாரம் ஒருமுறை நீண்ட பயணம் இதற்கு எளிய மருந்து. நமக்கு இரண்டாவது பினாங்கு பாலமே இருக்கிறது. 24 கிலோமீட்டர், போக்குவரத்து விளக்கு கிடையாது.

மழை, வெள்ளம், உப்புக் காற்று

மேற்கூரைக் கண்ணாடியின் ஓரங்களில் விழும் மழைநீர், மெல்லிய குழாய்கள் வழியாக வாகனத்தின் கீழே வடியும். மரத்தடியில் நிறுத்தும் வாகனத்தில் இலைச் சருகும் தூசும் சேர்ந்து அந்தக் குழாயை அடைக்கும். பிறகு மழைநீர் உள்ளே இறங்கும். இருக்கைக்கு அடியிலும் தரை விரிப்புக்குக் கீழேயும் கணினிப் பெட்டிகளும் மின்கம்பி இணைப்புகளும் இருக்கின்றன. தொடர்பே இல்லாத நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், பட்டறை அண்ணன் முதலில் பார்ப்பது இரண்டைத்தான்: தரைவிரிப்பு ஈரமாக இருக்கிறதா, மின்கலத்தின் அழுத்தம் போதுமா? மின்கலம் வலுவிழந்தால் கணினிகள் ஒன்றோடொன்று தவறாகப் பேசிக்கொள்ளும். மலிவான மின்கலத்தை மாட்டிவிட்டு விலையுயர்ந்த உணரிகளை ஒவ்வொன்றாக மாற்றியவர்களும் இருக்கிறார்களாம்.

2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த பேய்மழையையும் அடுத்த நாள் வெள்ளத்தையும் பினாங்கு மக்கள் மறக்க முடியாது. ஏழு உயிர்கள் பலியாயின. எண்ணற்ற வாகனங்கள் மூழ்கின. 'இது எல்லாத் தண்ணியிலயும் போகும்' என்று நம்பிச் சொகுசு எஸ்.யூ.வி.யை வெள்ளத்தில் இறக்குபவர்கள் உண்டு. புதிய டிஃபெண்டருக்கு 900 மில்லிமீட்டர் ஆழம் வரை கடக்கலாம் என்று நிறுவனம் கூறுகிறது. அந்த எண் மெதுவாக, தரை தெரிந்த இடத்தில் கடப்பதற்கானது. எதிரே வரும் லாரியின் அலை அதைக் கணக்கில் கொள்ளாது. காற்று உறிஞ்சும் வழியாக நீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். மூழ்கிய வாகனத்தை முடுக்கிப் பார்ப்பதே பெரிய தவறு. இழுவை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். ஆழமான நீரைக் கடந்திருந்தால், டிஃபரென்ஷியல் எண்ணெய் பால் நிறமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது.

மலேசியாவில் முழுமையான வாகனக் காப்புறுதி வைத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாக அடங்காது. 'சிறப்பு இடர்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். இது மைவி வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

கடற்கரை ஊருக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது எஃகைப் போலச் செந்துரு பிடிப்பதில்லை, அவ்வளவுதான். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்வேதிக் கலமே உருவாகிறது. மின்வேதித் தொடரில் மேலே இருக்கும் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். பழைய லேண்ட் ரோவர்களில் எஃகுத் திருகாணிகளைச் சுற்றி வண்ணப்பூச்சு கொப்பளித்திருப்பதற்கு இதுவே காரணம். ஐந்தாம் படிவ வேதியியல் பாடத்தில் படிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதன் கதவோரத்தைப் பாருங்கள். பத்து பிரிங்கி பக்கம் கடற்கரை மணலில் ஓட்டியவர்கள் அன்றே அடிப்பகுதியை நன்னீரில் கழுவிவிட வேண்டும்.

என்ன பராமரிப்பு தேவை?

பட்டறை அண்ணன் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

இயந்திர எண்ணெய்: ஐரோப்பிய அட்டவணைகளில் 20,000 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி இருக்கலாம். நம் வெப்பத்திலும் நெரிசலிலும் 10,000 கிலோமீட்டருக்குள் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கியர்பெட்டி எண்ணெய்: 'வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால், இந்தக் கியர்பெட்டிகளைச் செய்யும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

டயர்: நான்கு சக்கர இயக்க வாகனத்தில் நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, ஆற்றலைப் பிரிக்கும் பெட்டி தேயும்.

தொங்கல் அமைப்பு: இரண்டரை டன் எடையைத் தாங்கும் கீழ்க் கைகளின் ரப்பர் புஷ்கள் விரைவில் தேயும். மேடுபள்ளத்தில் 'டொக் டொக்' ஒலியும் டயரின் உள்விளிம்புத் தேய்மானமும் அறிகுறிகள். மாதம் ஒருமுறையாவது உயரத்தைக் கூட்டிக் குறைத்து, நான்கு மூலைகளும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பாருங்கள்.

பிரேக் திரவம்: காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மலை இறக்கத்தில் கொதித்து, பிரேக் மிதி தொய்ந்துவிடும். பினாங்கு மலையில், தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் பாதையில் அனுமதி பெற்ற நான்கு சக்கர இயக்க வாகனங்கள் மட்டுமே போகலாம். அத்தகைய சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. தாழ் கியரில் போட்டு இயந்திரத்தின் தடையாற்றலில் இறங்க வேண்டும்.

கோளாறு வாசிப்பான்: இணையச் சந்தையில் கிடைக்கும் மலிவான கருவி இயந்திரக் குறியீடுகளை மட்டுமே காட்டும். காற்றுத் தொங்கல் போன்றவற்றுக்கு அந்த நிறுவனத்துக்குரிய கருவி வேண்டும். அது இல்லாத பட்டறை ஊகத்தில்தான் பாகங்களை மாற்றும். ஊகத்துக்கும் நாம்தான் பணம் கட்டுவோம்.

மாமாவுக்குப் போட்ட கணக்கு

நம் நாட்டில் இறக்குமதி வாகனங்களுக்குக் கலால் வரி மட்டும் 60 முதல் 105 விழுக்காடு வரை. ஆகவே, புதிய வாகனத்தின் விலையில் பெரும் பங்கு வரிதான். ஆண்டுகள் ஆக ஆக வாகனத்தின் சந்தை விலை சரிகிறது. ஆனால், அதே வாகனத்தின் காற்றுப் பையும் கியர்பெட்டியும் பத்து ஆண்டு கழித்தும் பல லட்சம் ரிங்கிட் வாகனத்தின் பாகங்களாகவே விலை சொல்லப்படுகின்றன. ஐம்பதாயிரத்துக்கு வாங்கினாலும் பராமரிப்பது ஐந்து லட்சத்து வாகனத்தைத்தான். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை வரி: தீபகற்ப மலேசியாவில் 1,500 சிசி செடான் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். தனியார் பெயரில் உள்ள 3.0 லிட்டர் பெட்ரோல் எஸ்.யூ.வி.க்கு 1,600 ரிங்கிட்டுக்கு மேல், 5.0 லிட்டருக்கு ஏறத்தாழ 4,840 ரிங்கிட். வாகனம் எவ்வளவு பழையதானாலும் இது குறையாது.

எரிபொருள்: 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை சீரமைக்கப்பட்டபோது லிட்டர் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு உயர்ந்தது. 80 லிட்டர் நிரப்பினால் 172 ரிங்கிட்டாக இருந்தது ஒரே நாளில் 268 ஆனது. டீசல் மலிவு என்று கணக்குப் போட்டு வாங்கியவர்களுக்கு இது பெரிய அடி.

காப்புறுதி: விபத்துக்குப்பின் பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகம் போட்டால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். வாகனத்துக்கு ஐந்து வயது ஆனால் 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதைக் கடந்தால் 40 விழுக்காடு வரை போகும். பாகத்தின் விலை அதிகம் என்றால் அந்த 40 விழுக்காடும் அதிகம்தானே!

உதிரிப்பாகக் காத்திருப்பு: 2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் தொழிற்சாலைகள் ஒரு மாதத்துக்கும் மேலாக முடங்கின. பாகங்கள் அனுப்புவதும் பாதிக்கப்பட்டது. வண்டி ஓடாமல் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. மாமாவைப் போல வண்டியை நம்பித் தொழில் செய்பவருக்கு ஒவ்வொரு நாளும் இரட்டை நட்டம்.

இவற்றை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட லேண்ட் ரோவர்கள் பல லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அவற்றை ஓட்டும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை என்று உரிமையாளர்களே சொல்கிறார்கள். மூன்று நிபந்தனைகளை மட்டும் வைத்தேன். முன்பணம் கட்டியபின் ஒரு பெரிய பழுதைச் சரிசெய்யும் அளவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். பராமரிப்புப் பதிவேடு முழுமையாக இல்லாத வாகனத்தைத் தொடக் கூடாது. பணம் கைமாறும் முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கிச் சோதிக்க வேண்டும். சூடான இயந்திரம் பல குறைகளை மறைத்துவிடும்.

மாமா தாளை இரண்டு முறை படித்தார். "முதல் நிபந்தனையிலேயே நான் ஃபெயிலும்மா" என்று சிரித்தார். அந்த விளம்பரத்துக்கு அவர் பதில் அனுப்பவில்லை. ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. மகள் படிப்பு முடியட்டும் என்கிறார்.

வாங்காதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது

வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். இத்தகைய வாகனங்களின் கோளாற்றைச் சரியாகக் கண்டறியத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. மின்சுற்று வரைபடத்தைப் படிக்கவும், உணரியின் அலையை அளக்கவும், கணினி சொல்வது உண்மையா என்று சந்தேகிக்கவும் தெரிய வேண்டும். பத்து லஞ்சாங் தொழிற்கல்விக் கல்லூரி, பாயான் லெப்பாஸில் 1989 முதல் இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் எனத் தொழில்திறன் கற்கப் பல வழிகள் உள்ளன. மலேசியத் திறன் சான்றிதழ் படிநிலைகள் வழியாகப் பட்டயம் வரை உயரலாம். எஸ்.பி.எம். முடிவு எதிர்பார்த்தபடி இல்லை என்றால் 'பட்டறைக்குத்தான் போகணும்' என்று நம் வீடுகளில் பயமுறுத்துவார்கள். ஜெலுத்தோங் பட்டறையில் பல லட்சம் ரிங்கிட் வாகனங்களின் உரிமையாளர்கள் அந்த அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபின், அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை.

படித்து முடித்து முதல் சம்பளம் வாங்கியதும் கார் வாங்கும் ஆசை நம் எல்லாருக்கும் வரும். அது மைவியாக இருந்தாலும் ரேஞ்ச் ரோவராக இருந்தாலும் விற்பனையாளரிடம் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பத்தாவது ஆண்டில் இதை வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவர் தயங்கினால், அருகிலுள்ள பட்டறைக்குப் போய்க் கேளுங்கள். அங்கே பதில் கிடைக்கும்.